மூன்றாவது டர்போவும் எதிர்க்கடை தேவாவும்

1. நல்ல செய்தி

முனிரத்தினம் வண்டியில் மூன்றாவது டர்போவும் போய்விட்டது என்று டீக்கடையில் கேள்விப்பட்டபோது எனக்கு ஏற்பட்டது மகிழ்ச்சி. அனுதாபம், தொழில் அக்கறை என்றெல்லாம் பெயர் மாற்றி எழுதலாம். ஆனால் அன்று வழக்கமான டீயோடு ஒரு மெதுவடையும் வாங்கித் தின்றேன். அனுதாபப்படுகிறவன் வடை தின்னமாட்டான்.

காரணம், மூன்று டர்போவையும் மாட்டியவன் தேவராஜ். புதுவாயல் கூட்டுரோட்டில் சாலைக்கு அந்தப் பக்கம் அவன் ஒர்க்‌ஷாப், இந்தப் பக்கம் என்னுடையது. நான் அம்பத்தூரில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் பல வருடம் டீசல் இன்ஜின் பார்த்துவிட்டு, சொந்தக்கடை ஆசையில் இங்கே வந்தவன். கம்பெனி ட்ரெயினிங் எல்லாம் முடித்தவன். ஸ்கேனர் வைத்திருக்கிறேன், நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்திருக்கிறேன், ஒர்க்‌ஷாப் மேனுவலை நாவல் படிப்பதுபோல் படிக்கிறேன். என் கடையில் பெரும்பாலும் நிற்பது என் பைக்.

தேவா கடையில் வண்டிகள் சர்வீஸ் ரோடு வரைக்கும் நிற்கும். அவன் படித்த ஒரே தொழில்நுட்ப நூல் காலண்டர் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. யார் வந்தாலும் முதலில் டீ, பிறகு வீட்டு நலம், அப்புறம்தான் பானட்டைத் திறப்பான். டிரைவர்களுக்கு அவன் 'தேவாண்ணன்'. நான் 'சம்பத் சார்'. இந்த 'சார்' என்பது மரியாதை அல்ல, தூரம் என்று எனக்குப் புரிய நாளாயிற்று.

முனிரத்தினம் சிப்காட் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் கார் ஓட்டுகிற டிராவல்ஸ்காரர். ஆரம்பாக்கம் பக்கம், கோபம் வந்தால் பாதி தெலுங்காகிவிடுவார். அன்று சாயங்காலம் என் கடைக்கே வந்தார்.

"இன்னா நைனா, உனுக்கும் சொல்றேன், அவனுக்கும் சொல்டேன். டர்போவுக்கே டப்பு எல்லாம் பூடுது. எவன் இந்த வண்டில டர்போவ நிக்க வெக்கிறானோ அவனுக்குத்தான் என் வண்டிங்க மொத்தமும். இந்த தபா நீ பாரு."

அவருடைய எல்லா வண்டிகளும் வந்தால் என் கடை பிழைக்கும். வராவிட்டால் அம்பத்தூருக்கே திரும்பி, நான் வேலை கற்றுக்கொடுத்த ஒருவன் சூப்பர்வைசராக இருக்கும் இடத்தில் மறுபடி கார்டு தேய்க்க வேண்டும். வீட்டில் அதைப் பேசி முடித்திருந்தோம். என் மனைவி தெளிவாகவே சொன்னாள்: "எதிர்க்கடைய பாக்கறத உட்டுட்டு உன் கடைய பாரு. இல்லன்னா பேசாம சம்பளத்துக்குப் போ."

2. நோயாளியின் ஜாதகம்

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு முனிரத்தினம் வண்டியில் இருக்கும் இந்த இன்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நம் ஊரில் டீசல் கார் என்றால் பாதிக்குமேல் இந்த ஜாதிதான்; பானட் மேல் பெயர் மட்டும் வேறு வேறு.

ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டு சி.சி. நாலு சிலிண்டர், பதினாறு வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட், காமன் ரயில் இன்ஜெக்‌ஷன். சாதாரண டர்போ வைத்தது எழுபத்தைந்து குதிரை. உள்ளே இறக்கைகள் கோணம் மாறுகிற டர்போ வைத்தது தொண்ணூறு. எழுபத்தைந்தில் இழுவை நூற்றுத் தொண்ணூறு நியூட்டன் மீட்டர், அதுவும் இரண்டாயிரம் ஆர்.பி.எம். வந்தால்தான். அதற்குக் கீழே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அரசு ஊழியர். அதற்கு மேலே அதே ஊழியர் ஐந்து மணிக்கு பஸ் பிடிக்க ஓடுவார்.

டர்போ என்பது ஒரே தண்டின் இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த சின்ன சாமான். ஒரு சக்கரத்தை இன்ஜின் புகை சுழற்றும். இன்னொன்று காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். வேகம் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். இவ்வளவு வேகத்தில் சுற்றுகிற தண்டுக்கு பால் பேரிங் கிடையாது. ஆயிலில் மிதந்துகொண்டு சுற்றுகிறது. அந்த மெல்லிய ஆயில் படலம் இருக்கும்வரை உயிர். இல்லையென்றால் உலோகத்தோடு உலோகம்.

3. வழக்கமான வியாதிகள்

காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சங்கிலி குலுங்குகிற சத்தம் கேட்டால் டைமிங் செயின் தளர்ந்திருக்கிறது. இதில் பெல்ட் இல்லை, செயின். "செயின் ஆயுசுக்கும் வரும்" என்பார்கள். யாருடைய ஆயுசுக்கு என்று சொல்வதில்லை. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் வேலை செய்யாது, செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் முத்தமிட்டுக்கொள்ளும். இதில் பிடிக்கிற ஆயிலே மூன்று லிட்டருக்குச் சற்று மேல்; அதையும் கருங்குழம்பாகிற வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கறுப்புப் புகையும் பிக்கப் இல்லாததும் சேர்ந்து வந்தால் இ.ஜி.ஆர். வால்வில் கார்பன். எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே ஊட்டுகிற வால்வு அது. ஊருக்குள்ளேயே உருட்டுகிற வண்டிக்கு நிச்சயம் வரும். அதைத் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்லி வருவார்கள். சட்டப்படி தப்பு, செய்யாதீர்கள். மேடு ஏறும்போது விசில் சத்தம், இழுவை இல்லை என்றால் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கும். சின்ன ரப்பர் குழாய்தான். இதற்குப் போய் இன்ஜினையே இறக்கிய மகான்கள் உண்டு. (தேவா இதைச் செய்திருப்பான் என்று பல நாள் நம்பினேன். விசாரித்ததில் செய்யவில்லை.)

நீலப் புகை வந்து, ஆயில் குறைந்து, சைரன்போல ஊளையிட்டால் டர்போ. முனிரத்தினம் வண்டியில் மூன்று முறையும் அதே ஊளை.

4. எதிரியின் வேலைப்பாடு

வண்டி என் கடைக்கு வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். புது டர்போ மாட்டியும் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் பத்துக்கு ஒன்பது முறை காரணம் மாட்டியவன்தான். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் பைப்பில் பழைய கார்பன் அடைத்திருக்கும். அதை மாற்றாமல் புது டர்போ மாட்டுவது வாயைத் தைத்துவிட்டு விருந்து வைப்பது போல. அந்த அடைப்பைக் கையில் எடுத்து, முனிரத்தினத்துக்குக் காட்டி, முடிந்தால் டீக்கடையிலும் காட்சிக்கு வைக்கலாம் என்று திட்டம்.

பைப்பைக் கழற்றினேன். புத்தம் புதியது. ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. அதன் முனை போல்ட்டில் இருந்த சல்லடையும் சுத்தம். ஆயில் திரும்பி வரும் குழாயில் அடைப்பு இல்லை. காப்பர் வாஷர்கள் எல்லாம் புதிது. ஆயிலும் கம்பெனி சொன்ன கிரேடுதான். கேஸ்கட்டில் சிலிக்கான் பசை பிதுங்கவில்லை. நானே சில சமயம் கொஞ்சம் கூட வைத்துவிடுவேன். ஆயில் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு இளகியிருக்கக் கூடாதா? இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. அவன் மட்டமான மெக்கானிக் என்ற நம்பிக்கையில்தான் நான் இத்தனை நாள் அவனுடைய கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

கெட்டுப்போன டர்போவைப் பிரித்தேன். பேரிங் நீலம் பாரித்திருந்தது. தண்டில் ஆயில் கருகி வார்னிஷ் மாதிரி ஒட்டியிருந்தது. ஆயில் வழி சுத்தமாக இருந்தும் ஆயில் இல்லாமல் சுற்றியிருக்கிறது. அப்படியானால் பிரச்சினை வண்டியில் இல்லை. வண்டி ஓட்டுகிற விதத்தில்.

5. கேட்டுக்கு முன்னால்

புது டர்போ மாட்டி, டெஸ்ட் டிரைவ் என்ற பெயரில் மறுநாள் காலை டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் ஏழுமலை ஆர்.கே.பேட்டைக்காரர், கல்குவாரி லாரி ஓட்டிவிட்டு காருக்கு வந்தவர். மணவாள நகரில் கம்பெனி ஸ்டாஃபை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாக வந்து, புதுவாயலில் ஹைவே பிடித்ததும் மிதித்தார். ஷிப்ட் நேரம், யாரும் குறை சொல்லவில்லை.

சிப்காட்டில் கம்பெனி கேட். அங்கே ஒரு விதி: இன்ஜினை அணைத்தால்தான் செக்யூரிட்டி வண்டிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்ப்பார். ஹைவே சூடு அப்படியே இருக்க ஏழுமலை கேட்டில் நிறுத்தினார். நியூட்ரல் போட்டார். ஆக்ஸிலேட்டரை ஒருமுறை 'உர்ர்ர்' என்று மிதித்தார். அந்த உறுமல் அடங்குவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்தார்.

நான் சீட்டிலிருந்து எகிறிவிட்டேன். "யோவ்! இன்னாய்யா பண்ற?"

"இன்னா சார்? ஒரு ரேஸ் குட்த்து ஆஃப் பண்ணேன். எப்பவும் அப்டித்தான். அப்பதான் அடுத்த தபா ஒரே செல்ஃப்ல எடுக்கும்."

மூன்று டர்போவையும் தின்றது அந்த ஒரு மிதிதான். ரேஸ் கொடுத்ததும் தண்டு லட்சக்கணக்கில் சுற்ற ஆரம்பிக்கிறது. அதே நொடி இன்ஜின் அணைகிறது. ஆயில் பம்ப்பும் நிற்கிறது. ஆனால் தண்டு நிற்காது. சூட்டில், ஆயில் இல்லாமல், தானாகச் சுற்றி ஓய வேண்டும். இப்படி கேட்டுக்கு ஒருமுறை, ஸ்டாண்டுக்கு ஒருமுறை, தினமும்.

லாரியில் இந்த வழக்கத்துக்கு அர்த்தம் உண்டு. பிரேக்குக்கு ஏர் டேங்க் இருக்கிறது. நிறுத்தும் முன் ரேஸ் கொடுத்து ஏர் நிரப்பிக்கொள்வார்கள். ஏழுமலை லாரியை விட்டு வந்தாலும் லாரி அவர் வலது காலை விடவில்லை.

இதை நான் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, கம்பெனி ஸ்டாஃப் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது: "மூணு டர்போவையும் கொன்னது நீதான்யா! ஹைட்ரோடைனமிக் பேரிங்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். "புஸ்தகத்துல போட்டுக்குதா சார் அது? நான் லாரில ஓட்டாத கிலோமீட்டரா? தேவாண்ணன் மூணு தபா மாட்டுனாரு, ஒரு தபா என்ன கொற சொல்லிக்கீறாரா?"

அவர் முந்திக்கொண்டார். நான் முனிரத்தினத்திடம் போய்ச் சேர்வதற்குள் போனில் பேசி முடித்திருந்தார். டர்போ செலவு தன் சம்பளத்தில் விழுமோ என்ற பயத்தில், தான் ரேஸே கொடுப்பதில்லை, மெக்கானிக் தன் வேலையை மறைக்கப் பழி போடுகிறார் என்று. முனிரத்தினம் என்னிடம் சிரித்தார். "ஓட்றவன் மேல தள்றது எல்லா மேஸ்திரிக்கும் பழக்கம் நைனா. அவன் என் சம்சாரம் ஊர்க்காரன். பொய் சொல்லமாட்டான்."

காரணம் என் கையில். கேட்க ஆள் இல்லை. அடுத்த டர்போ போனால் கடையும் போகும். அதுவும் நான் மாட்டிய டர்போ, என் பெயரில் போகும்.

6. சாலையைக் கடப்பது

புதுவாயல் கூட்டுரோட்டில் சாலையைக் கடப்பது சுலபமில்லை. ஆந்திரா லாரிகள் யாருக்காகவும் வேகம் குறைப்பதில்லை. ஆனால் நான் இந்தப் பக்கமே இரண்டு தடவை நின்று யோசித்ததற்குக் காரணம் லாரிகள் அல்ல.

தேவா என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "வா சம்பத்து. நாஷ்டா ஆச்சா?"

இதுதான் எனக்குப் பிடிக்காது. ஒரு குத்தல் பேசியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன்.

விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டான். தலையில் ஒரு தட்டு தட்டிக்கொண்டான். "அட, ஆமால்ல! நான் மூணு தபாவும் ஆயில் லைன்லயே தலைய உட்டுக்கினு கெடந்தேன். ஓட்றவன் கால பாக்கல பாரு. சூப்பர் சம்பத்து."

அந்த 'சூப்பர்' உண்மையாக இருந்தது. எரிச்சலாக இருந்தது.

"அவன்கிட்ட சொல்லியாச்சு. கேக்கமாட்டேங்கறான்."

"திட்டியிருப்ப."

"விளக்கினேன்."

"அதான் சொல்றேன்."

மறுநாள் ஏழுமலை அந்தப் பக்கம் போகும்போது தேவா கை காட்டி நிறுத்தினான். நான் அவன் கடையில் ஒரு கியர் பாக்ஸுக்குப் பின்னால், ஏதோ வேலையாக இருப்பதுபோல் நின்றேன். டீ வந்தது. ஏழுமலையின் முட்டி வலி பேசப்பட்டது. ஆர்.கே.பேட்டையில் கரும்பு வெட்டியாயிற்றா என்று பேசப்பட்டது. அப்புறம் தேவா பானட்டைத் திறந்தான்.

"ஏழுமல, உன் லாரில ரேஸ் குட்த்து ஆஃப் பண்றது இன்னாத்துக்கு?"

"ஏர் ரொப்ப."

"கரெக்ட்டு. இதுல ஏர் டேங்க் எங்க கீது, காட்டு பாப்பம்?"

ஏழுமலை குனிந்தார். நிஜமாகவே தேடினார். நிமிர்ந்தார். "இல்லியே."

"அப்ப யாருக்கு ரொப்பற?"

ஏழுமலை சிரித்துவிட்டார். தன்னைப் பார்த்தே சிரிக்கிறவனை அப்புறம் எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம்.

"கேட்டாண்ட நின்னதும் சாவில கை வெக்காத. மொதல்ல பெல்ட்ட கயட்டு. அப்பால கண்ணாடிய ஏத்து. பாக்கெட்ல ஐ.டி. கார்ட தேடு. கெடச்சாலும் கொஞ்ச நேரம் தேடு. அப்பால ஆஃப் பண்ணு. ரேஸ் வேணாம். அந்தக் கொஞ்ச நேரம் அது சும்மா ஓடட்டும், ஓடி வந்ததில்ல, மூச்சு வாங்கட்டும்."

"அவ்ளோதானாண்ணே? இத அந்த சார் சொல்லியிருந்தா செஞ்சிருப்பனே. அவர் வேற இன்னாவோ சொல்லி பேஜாரு பண்ணாரு."

கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருந்த சார் இதைக் கேட்டார். சர்வீஸ் சென்டர் ட்ரெயினிங், மேனுவல், இரண்டு லட்சம் சுற்று, ஹைட்ரோடைனமிக், எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை அரை டம்ளர் டீ செய்துவிட்டது.

7. பெரிய மனசு

டர்போ கெடாமல் நின்றது. மழைக்காலம் போய்ப் பொங்கலும் வந்தது. நீலப் புகை வரவில்லை. முனிரத்தினம் பூமாலையோடு வராத குறை. என் கடைக்கு அல்ல, எதிர்க்கடைக்கு. ஏழுமலை நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார், தன் பங்கு உட்பட. 'தேவாண்ணன் சொன்னாரு, நிறுத்திட்டேன்.' ஓனர் அவர் சம்பளத்தில் கை வைக்கவும் இல்லை.

நான் ஷட்டருக்கு அருகில் நின்று பார்த்தேன். தேவா கையை நீட்டி என் கடைப் பக்கம் காட்டுவது தெரிந்தது. குரலும் கேட்டது. "அண்ணே, நான் இல்லண்ணே. சம்பத்துதான் கண்டுபுடிச்சாரு. நான் மாட்டுன மூணும் வேஸ்ட்டு. எனக்கு இது தோணவே இல்ல."

முனிரத்தினம் அவன் தோளைக் கட்டிக்கொண்டார். "இன்னா மனசு நைனா உனுக்கு! இன்னொருத்தனாந்தா எதிர்க்கடக்காரன் பேர சொல்லுவானா? அதனாலதான் நைனா உன்கிட்ட வர்றது!"

உண்மையைச் சொல்லியும் அவனுக்கே புகழ். இவனிடம் பொறாமைப்படாமல் இருக்க வேண்டுமானால் நான் தபால் துறையில் சேர்ந்திருக்க வேண்டும்.

வண்டிகள் மொத்தமும் தேவாவுக்குப் போயின. அன்று ராத்திரி அம்பத்தூர் பேச்சு மறுபடி எழுந்தது. பஸ் பாஸ் வரைக்கும் வந்துவிட்டது. மறுநாள் காலை தேவா முனிரத்தினத்தின் வண்டி ஒன்றை அவனே ஓட்டிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினான்.

"எனுக்கு எடமே இல்ல சம்பத்து. இதுல செக் லைட் எரியுது. உன் ஸ்கேனர போட்டு பாரு. இனிமே சென்சாரு, இ.ஜி.ஆரு, இன்ஜெக்டரு எல்லாம் உன்கிட்டயே அனுப்பிச்சுர்றேன். ஓனர்கிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"எனுக்குத் தெரியாது அதெல்லாம். உனுக்குத் தெரியும்ல?"

அவ்வளவுதான். உபகாரம் செய்கிற முகமே இல்லை. அம்பத்தூர் போகவில்லை, கடை இன்றைக்கும் நடக்கிறது. அதாவது, நான் யாரைப் பார்த்து வயிறெரிகிறேனோ அவன் அனுப்புகிற வண்டியில் என் வயிறு நிறைகிறது. என் மனைவி சாமி படத்துக்குப் பூ வைக்கும்போது 'தேவா நல்லா இருக்கணும்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறாள். தடுக்கவும் முடியவில்லை.

8. கற்றதும் பெற்றதும்

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது: பழுதைக் கண்டுபிடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதை ஓட்டுகிறவன் மண்டையில் மாட்டுவது மீதிப் பாதி. அதற்கு டார்க் ரெஞ்ச் கிடையாது. அதிகம் முறுக்கினால் மரை போய்விடும். நான் முறுக்கினேன். தேவா கையால் திருகினான்.

இன்னொன்று. டர்போ டீசலைக் கொஞ்சம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். சிப்காட் டிரைவர்கள் எல்லாரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். ஏழுமலை வாயிலிருந்து அது ஸ்டாண்டுக்குப் பரவியது. ஸ்டாண்டிலிருந்து கேட் செக்யூரிட்டிக்கு. அவர் கண்ணாடிக் கோலை ஊன்றிக்கொண்டு, "இன்னாப்பா, தேவா நிமிஷம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிட்டே வருகிறாராம். ஆம், அதற்குப் பெயர் வந்துவிட்டது. தேவா நிமிஷம்.

போன வாரம் மணவாள நகரிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். ஐ.டி. கம்பெனிக்காரர், பழைய டீசல் கார். "டர்போ கூல்டவுன் டைம் கொடுக்கறீங்களா?" என்று கேட்டேன். விழித்தார். மேனுவலில் இருக்கிற மாதிரி இன்னும் இரண்டு விதமாகக் கேட்டேன். இன்னும் விழித்தார். வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "தேவா நிமிஷம் உடறீங்களா?" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, அதுவா! அதெல்லாம் கரெக்டா விட்டுடுவேன் சார். ஆபீஸ் கார் டிரைவர் சொல்லிக் கொடுத்தாரு. சார், ஒரு டவுட்டு. யாரு சார் தேவா? டர்போ கண்டுபிடிச்சவரா?"

எதிர்ப்பக்கம் பார்த்தேன். சாலைக்கு அந்தப்புறம், டீ டம்ளரோடு, நாலு டிரைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கை நீட்டிக் காட்டினால் போதும். இவரும் சாலையைக் கடந்துவிடுவார்.

"ஆமா சார்," என்றேன். "வெளிநாட்டுக்காரரு. செத்து ரொம்ப வருஷம் ஆச்சு."